இலவசப் பயிற்சி, மூன்று வருட பாண்டு: கையெழுத்துப் போடலாமா?

டெல்டா பக்கத்துச் சிற்றூரிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா டிராக்டர் ஓட்டுகிறார், தம்பி பிளஸ் டூ படிக்கிறான். பெருநகரத் தனியார் மருத்துவமனை ஒன்று ஆம்புலன்சுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறது. 6 மாதப் பயிற்சி இலவசம். தங்க இடமும் மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பயிற்சி முடிந்த பிறகு 16,500 ரூபாய் சம்பளத்தில் 3 வருடம் அங்கேயே வேலை பார்ப்பதாக எழுதித் தர வேண்டும்; இந்த ஒப்பந்தத்தைத்தான் பாண்டு என்கிறார்கள். நடுவில் எப்போது நின்றாலும் 3 லட்சம் கட்ட வேண்டும். பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ்களின் ஒரிஜினல் நிர்வாகத்திடம் இருக்கும். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட 2 காசோலைகள் கொடுக்க வேண்டும், அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டதற்கு, “திங்கட்கிழமை சேரும்போது படிச்சுக்கலாம்” என்றார்களாம். போனில் படம் எடுக்கவும் விடவில்லை. ஊருக்கு வரும் பஸ்ஸில் ஞாபகத்திலிருந்து எழுதிய குறிப்பைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்.

“பாண்டுங்கிறதே கொத்தடிமை மாதிரி, கோர்ட்ல நிக்காது. போட்டுட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார் மாமா. “நடுவுல நின்னா போலீஸ் வரும், கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், வேண்டாம்டி” என்கிறார் அம்மா. “யார் சொல்வது சரி? நான் சேரலாமா? நடுவில் 108-இல் அரசு வேலை கிடைத்தால் போக முடியுமா? கல்யாணம் ஆனால் என்ன செய்வது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

மாமா சொல்வதும் அம்மா சொல்வதும் இரண்டுமே முழுச் சரி இல்லை. இரண்டில் எதை நம்பி முடிவெடுத்தாலும் உங்களுக்குத்தான் நஷ்டம். மாமாவிடமிருந்து தொடங்குகிறேன்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், வாங்கிய கடனுக்கு உழைப்பை அடகு வைக்கும் முறையை ஒழிக்க வந்தது. நிர்வாகம் தன் செலவில் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாகச் சில காலம் வேலை பார்க்கச் சொல்வதெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் தானாக வந்துவிடாது. நம் நீதிமன்றங்கள் இத்தகைய ஒப்பந்தங்களைப் பல முறை ஏற்றிருக்கின்றன. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், 3 வருடத்துக்குள் ராஜினாமா செய்த அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, அவர் உயர் பதவியில் இருந்தவர், ஆளெடுப்புக்கு ஆன செலவே அங்கே முக்கிய வாதம். ஆகவே அந்தத் தீர்ப்பு உங்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “பாண்டு கோர்ட்டில் நிற்காது” என்று இனி யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் டோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் நிர்வாகத்தின் பக்கம் நின்றிருக்கிறது. முதலாளி செலவில் சிறப்புப் பயிற்சி பெற்றவர் வாக்கை மீறி விலகினால் அந்த மீறலே சட்டப்படி ஒரு பாதிப்பு, நஷ்டத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. பயிற்சி உண்மையிலேயே நடந்திருந்தால் உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். வேலையை விடுவது குற்றம் இல்லை. பாண்டை மீறினால் அது சிவில் விஷயம். போலீஸ் உங்களைத் தேடி வர முடியாது. வந்து வேலை பார் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது, பணம் கேட்டு வழக்குப் போட மட்டுமே நிர்வாகத்தால் முடியும். அந்த வழக்கிலும் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை என்பது உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த சிக்பா இந்தியா வழக்கு. 3 வருட பாண்டு, மீறினால் 2 லட்சம் என்று எழுதியிருந்தது. ஊழியர் 2 வருடம் வேலை பார்த்துவிட்டு விலகிவிட்டார். நிறுவனத்தால் காட்ட முடிந்த செலவு 67,595 ரூபாய். மூன்றில் இரண்டு பங்கு காலத்தை அவர் முடித்துவிட்டதால் மீதி மூன்றில் ஒரு பங்கு, அதாவது 22,532 ரூபாய் மட்டும் கட்டச் சொன்னது நீதிமன்றம். உங்கள் ஒப்பந்தத்தில் “எப்போது நின்றாலும் 3 லட்சம்” என்று இருக்கிறதே, அந்த வரி இந்தக் கணக்குக்கு நேர் எதிரானது. முப்பத்தைந்தாவது மாதம் நின்றவரும் முதல் மாதம் நின்றவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்பதை நீதிமன்றத்தில் நியாயப்படுத்துவது கடினம்.

ஆகவே, என்னைப் பொறுத்தவரை அந்த 3 வருடம் என்ற நிபந்தனையில் பெரிய ஆபத்து இல்லை. ஆம்புலன்ஸ் பிரிவில் பயிற்சி கொடுத்த ஆள் நாலே மாதத்தில் போய்விட்டால் மருத்துவமனைக்கும் அது உண்மையான நஷ்டம். அவர்கள் ஒரு உறுதி கேட்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். கூடவே கேட்கிறார்களே, அந்தக் காசோலைகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

காசோலை

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் அவன் அப்பாவோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தான். ஒரு மருத்துவமனையில் டெக்னீஷியன். 2 வருட பாண்டில் 20 மாதம் வேலை பார்த்துவிட்டு, உடம்பு முடியாமல் ஊருக்கு வந்துவிட்டான். பையிலிருந்து வக்கீல் நோட்டீசும் காசோலையின் ஜெராக்சும் எடுத்து வைத்தார்கள். ஜெராக்சில்கூடத் தெரிந்தது: கையெழுத்து ஒரு பேனா, தொகை இன்னொரு பேனா. எழுத்தும் வேறு. “தொகையை நான் எழுதலையே சார், அப்ப அது செல்லாதுல்ல?” என்று கேட்டான். அவன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அதுதான் சட்டம். தானாக மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையில் தொகையை வேறொருவர் நிரப்பினாலும் அது செல்லும், பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாண்டு சிவில் விஷயம் என்றேன். காசோலை திரும்பினால் அது கிரிமினல் வழக்காகிறது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி 2 வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் இல்லை என்று காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நிர்வாகம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டவில்லை என்றால் வழக்கு. அம்மா பயப்படும் கோர்ட் அலைச்சல் இந்த வழியாகத்தான் வரும். காசோலையை வங்கியில் போடும் தேதியில் அந்தத் தொகை உண்மையான பாக்கியாக இருக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், 20 மாதம் வேலை பார்த்தவர் பெயரில் முழுத் தொகையையும் நிரப்பினால் எதிர்த்து வாதாட வழி உண்டு. என் கட்சிக்காரப் பையனுக்கும் அந்த மாதிரி வாதத்தை வைத்துத்தான் கடைசியில் சமரசம் பேசினோம். ஆனால் அதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை நாள் கூலி போச்சு என்று அவன் அப்பாவுக்குத்தான் தெரியும்.

எனவே வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். “எல்லாரும் கொடுத்திருக்காங்க” என்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவமனையின் பெயரையும் தொகையையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, “இன்ன தேதியிட்ட பயிற்சி ஒப்பந்தத்துக்குப் பாதுகாப்பாக மட்டும் பெறப்பட்டது” என்று முத்திரையோடு ரசீது வாங்குங்கள், படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கையெழுத்தும் ஒரிஜினல் சான்றிதழும்

ஜாமீன் கையெழுத்து என்பதை வெறும் சாட்சிக் கையெழுத்து என்று அப்பா நினைத்திருக்கக் கூடும். அப்படி இல்லை. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமம். உங்களிடம் கேட்காமல் நேராக அவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். நீங்கள் 22 வயது முடிந்த பட்டதாரி, உங்கள் கையெழுத்தே போதும் என்று சொல்லிப் பாருங்கள். நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஜாமீனுக்கு ஒரு சிறிய தொகையை உச்ச வரம்பாக எழுதச் சொல்லுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் பொருள் இல்லை, பணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டணப் பாக்கிக்காக வக்கீல் கட்சிக்காரரின் கேஸ் கட்டைக்கூடப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல்களான எங்களுக்கே அந்த உரிமை இல்லை. ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், உள்ளே போன சான்றிதழை வெளியே எடுக்க மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு வேலை கைநழுவிப் போய்விடும்.

கிடைக்கும் பயிற்சி என்ன?

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 3 லட்சம் என்ற தொகையைப் பார்த்த பதற்றத்தில் அது எதற்கான விலை என்று கேட்க விட்டுப்போயிருக்கிறது. பயிற்சி முடிந்ததும் யார் பெயரில் சான்றிதழ்? மருத்துவமனையே தன் லெட்டர்பேடில் அடித்துக் கொடுப்பதா, அல்லது ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சிலின் அவசர மருத்துவ டெக்னீஷியன் சான்றிதழா? முந்தையது என்றால் அந்த வாசலைத் தாண்டி அதற்கு மதிப்பு குறைவு.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த துணைநிலை சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பாராமெடிக் என்ற அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் உண்டு. ஆனால் அந்தச் சட்டப்படி துணைநிலை வல்லுநர் ஆவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, 2 வருடத்துக்குக் குறையாமல் வேண்டும். உங்கள் 6 மாதப் பயிற்சியை மாதம் 26 நாள், தினம் 8 மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் 1,248 மணி நேரம்தான் வருகிறது. “பாராமெடிக் ஆகிவிடலாம்” என்று சொல்லிச் சேர்த்தால் அதை நம்ப வேண்டாம். முழுத் தகுதி வேண்டுமென்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டப் படிப்பே இருக்கிறது. வீட்டு நிலைமையில் இன்னொரு பட்டம் முடியாது என்பது புரிகிறது. நீங்கள் வாங்குவது எந்த அளவுக்குச் செல்லும் என்று தெரிந்து வாங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (இதயத்துக்கான மேம்பட்ட உயிர்காப்பு) பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். அந்த அட்டை உங்கள் பெயரில் வரும், 2 வருடம் செல்லும், வேறு மருத்துவமனையிலும் காட்டலாம். இன்னொன்று, “இரண்டாவது மாசத்துலேர்ந்து நைட் டூட்டி போடுவாங்களாம்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றவும், முதுகெலும்பு அசையாமல் இருக்க ஸ்பைன் போர்டு பலகையில் ஆளைத் தூக்கிக் கட்டவும், வண்டியில் தனியாளாக, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் பிடிக்கவும் உங்களைப் போட்டால் அது பயிற்சியோடு சேர்ந்த உழைப்பு. அந்த மாதங்களையும் முழுக்க முழுக்க “உனக்காக நாங்கள் செய்த செலவு” என்று அவர்கள் கணக்குக் காட்ட முடியாது. எந்தத் தேதியில் எந்த டூட்டி என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பின்னால் அது உங்களுக்குப் பெரிய சாட்சி.

108, கல்யாணம், விலகுவது

108 அரசின் இலவச ஆம்புலன்ஸ் சேவை, 2008 முதல் இங்கே ஓடுகிறது. ஆனால் அதை நடத்துவது அரசோடு ஒப்பந்தம் செய்த தனியார் அமைப்பு. அங்கே மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தால் அரசு ஊழியர் ஆகிவிட மாட்டீர்கள். இதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பலர் இந்த நினைப்பில்தான் இருக்கிறார்கள். அதே நேரம் உங்கள் விலங்கியல் பட்டம் அந்தப் பணிக்குத் தகுதி என்று ஆளெடுப்பு அறிவிப்புகளில் வருகிறது. தேர்வானவர்களுக்குச் சுமார் 50 நாள் பயிற்சியும் அவர்களே தருகிறார்கள். பாண்டில் கையெழுத்துப் போடும் முன் அந்த வழியையும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

பாண்டு போட்ட பிறகு அங்கே போனால் “3 வருடம் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அதைக் காட்டி நிர்வாகம் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். ஒப்பந்தக் காலத்துக்குள் இப்படித் தடுக்க முடியும் என்று 1967-இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனால் அது ஒரு தொழிற்சாலையின் ரகசியத் தொழில்நுட்பம் பற்றிய வழக்கு. முதலுதவியில் ரகசியம் ஏது? அதனால் தடையைவிட பணக் கோரிக்கைதான் வரும். பாண்டுக் காலம் முடிந்த பிறகும் வேறு மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று ஏதாவது எழுதியிருந்தால் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது.

கல்யாணத்தை எந்த ஒப்பந்தமும் தடுக்க முடியாது. குழந்தை பிறந்தால், அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்த விடுப்புக்காக வேலையிலிருந்து நீக்கவோ 3 லட்சம் கேட்கவோ முடியாது. மாப்பிள்ளை வெளியூர் என்று நீங்களே விலகினால் அது வேறு. அதற்கான விதிவிலக்கை இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

எப்போதாவது விலகுவதாக இருந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். நான் பார்த்த பாண்டு வழக்குகளில் மோசமானவை அப்படித்தான் தொடங்கின. காரணத்தை எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ராஜினாமா கொடுங்கள், நோட்டீஸ் காலத்தை முடியுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி விலகியவரின் சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும்.

திங்கட்கிழமை கேட்க வேண்டியவை

- 3 லட்சத்துக்கு எழுத்தில் கணக்கு. வேலை பார்க்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைய வேண்டும். 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 8,333 ரூபாய்.
- 3 வருடம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது. “பயிற்சி திருப்திகரமாக முடிந்த பின்” என்று மட்டும் இருந்தால் அவர்கள் இழுத்துக்கொண்டே போகலாம்.
- கடும் நோய், பாலியல் தொல்லை, சம்பளம் தராமல் இழுப்பது, நிர்வாகமே நீக்குவது, திருமணத்தால் ஊர் மாறுவது. இவற்றில் தொகை இல்லை என்ற விதிவிலக்கு.
- இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் உங்கள் கையில்.

எல்லாம் கிடைக்காது. காசோலையும் ஒரிஜினலும் இல்லாமல், தொகை மாதாமாதம் குறையும்படி எழுதித் தந்தால், மற்றவற்றில் சில விட்டுப்போனாலும் நான் சேரச் சொல்வேன். ஆம்புலன்ஸ் வேலை கஷ்டமானது, ஆனால் 22 வயதில் கற்றுக்கொள்ளத் தகுந்த தொழில். காசோலையும் வேண்டும், ஒரிஜினலும் வேண்டும், படிக்க நகலும் தர மாட்டோம் என்றால் சேராதீர்கள். கையெழுத்துப் போடப் போகிறவருக்கே ஒப்பந்தத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில், பின்னால் ஒரு சிக்கல் என்றால் யார் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்?

திங்கட்கிழமைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நீங்கள் பஸ்ஸில் எழுதிய அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜாமீன் என்றால் என்ன என்பதை என் எழுத்தில் படிப்பதைவிட எதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்லக் கேட்டால் அவருக்கு நன்றாகப் பிடிபடும். காசோலை விஷயத்தில் மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.